ரப்பர் கொட்டைக் கணக்கு: உங்கள் வீட்டில் யார் சொல்லிக் கொடுத்தது?

தொடக்கம் (வாசகர் ஒருவர்), 2024 பிப்ரவரி 4, காலை

மலேசிய ரப்பர் தோட்டத்துப் பெருமை பேசும் இழைகளைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நம் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கணக்கு எங்கே தெரிந்தது? கைநாட்டு வைத்தார்கள், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) சொன்ன தொகையை வாங்கிக்கொண்டு லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளோடு எண் விளையாட்டு விளையாடிய அப்பா அம்மா தோட்டத்தில் இருந்தார்களா? இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளை அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம்.

பிப்ரவரி 4, பிற்பகல்

இருந்தார்கள் அண்ணே. எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். நான் சுங்கை சிப்புட். பாட்டி பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். அப்பா அதே தோட்டத்தில் லாரி ஓட்டினார். நான் டவுனில் வேலை பார்க்கிறேன்.

கைநாட்டு என்றீர்களே, அங்கிருந்தே வருகிறேன். என் பாட்டியும் கைநாட்டுதான். மரத்துக்கு மரம் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) கவிழ்த்துப் பால் எடுத்து முடித்ததும், காண்டா என்ற தோள்கட்டையில் இரண்டு வாளியையும் மாட்டித் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். வரிசையில் நிற்கும்போது ஒரு வாளியை மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பார். அப்பா அப்போது சின்னப் பையன். "சொல்லுடா, எத்தனை ராத்தல்?" இதுதான் ஆட்டம். அப்பா ஒரு எண் சொல்ல வேண்டும், பாட்டி ஒன்று சொல்வார், அதன் பிறகுதான் தராசு. யார் சொன்னது கிட்டத்தில் வருகிறதோ அவருக்கு மத்தியானச் சோற்றில் பெரிய கருவாட்டுத் துண்டு.

தராசோடு ஆட்டம் முடிவதில்லை. வாளியில் இருப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர். மாதிரி எடுத்து மெட்ரோலாக் விட்டுப் பார்த்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கிராணி எழுதுவார். நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து என்று வரும். பாட்டி அதை "மூணுல ஒண்ணு" என்று மனதில் வைத்திருந்தார். முப்பது ராத்தல் பால் என்றால் பத்து ராத்தல் ரப்பர். மரம் நனைந்திருந்த நாளில் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். கூட்டல் எல்லாம் விரல் கணுவில்தான். கட்டைவிரலால் மற்ற நாலு விரலிலும் மும்மூன்று கணு தொட்டு வந்தால் ஒரு கைக்குப் பன்னிரண்டு. இந்தக் கை சுற்றி முடித்தால் அந்தக் கையில் ஒரு விரல் மடக்க வேண்டும். ஐந்து விரலும் மடங்கினால் அறுபது.

ஒருநாள் பாட்டி சொன்னதற்கும் புத்தகத்தில் ஏறியதற்கும் ஒட்டவே இல்லை. பாட்டி நகரவில்லை. "ஐயா, திரும்பி வைங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். திரும்ப வைத்தார்கள். பாட்டி சொன்னதற்குக் கிட்டத்தில் வந்து நின்றது தராசு. யார் எழுதியது, எந்தத் தோட்டம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அப்பா இதை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் "திரும்பி வைங்க" என்ற இடத்தில் குரலை இறக்கி, பாட்டி மாதிரியே மெதுவாகச் சொல்வார்.

ஆகவே அண்ணே, கைநாட்டு வைத்தவர்களுக்குக் கணக்கு தெரியாது என்ற முடிவுக்கு இவ்வளவு சீக்கிரம் வராதீர்கள். பேனா அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, இரவு

தைப்பிங்கிலிருந்து ஒரு தம்பி மெட்ரோலாக் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். மிதக்கும் கண்ணாடி அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. தண்ணீர் கலந்த பாலில் விடுவார்கள். அப்பா இதையும் எங்களிடம் விடுகதையாகப் போடுவார்: "கெட்டிப் பால்ல அது ஆழமா எறங்குமா, மேல நிக்குமா?" எல்லாரும் மேலே நிற்கும் என்போம். இறங்கும். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ரப்பர் கூடக் கூடப் பாலும் லேசாகும், மிதப்பதும் கீழே போகும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மூன்று கட்டி, நாலு ராத்தல். சீனர் கடை எடையைத் தோட்டத்து எடையாக்க பாட்டி வீட்டில் எல்லாருக்கும் வரும் சொல் இது. கிலோ வந்த புதிதில் அப்பா அடுத்த வரியைச் சேர்த்தார்: அஞ்சு கட்டி, மூணு கிலோ. ஒரு கட்டி அறுநூறு கிராமுக்கு ஐந்து கிராம்போலத்தான் கூடும் என்பதால் மீன் வாங்குவதற்கு அதுவே போதும். இன்றும் பசாரில் மீன்காரர் கட்டிக்கு இவ்வளவு என்றால் எனக்கு அந்த வரிதான் வாயில் வருகிறது.

பிப்ரவரி 6

முந்தாநாள் எழுதாமல் விட்ட பெரிய ஆட்டத்துக்கு வருகிறேன்.

ரப்பர் மரத்தில் எல்லாம் மூன்று. ஒரு காம்பில் மூன்று இலை. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கொட்டை. வெயில் ஏறும்போது காய் 'டப்' என்று வெடித்துக் கொட்டை தூரப் போய் விழும். வழுவழு என்று, பழுப்பில் கறுப்புப் புள்ளியும் கோடும் போட்டிருக்கும். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? எங்கள் லயத்துப் பிள்ளைகள் அதைவிட்டால் ஒத்தையா ரெட்டையா ஆடுவார்கள். கைக்குள் கொட்டையை மூடிக் காட்டி, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்பது.

பாட்டி ஆட்டம் அதற்கு மேலே. ஒரு பால்மங்கு நிறையக் கொட்டை அள்ளிக்கொள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மூன்று மூன்றாகப் பிரி. மிச்சம் எத்தனை என்று மட்டும் சொல். எல்லாவற்றையும் கலைத்து ஐந்து ஐந்தாகப் பிரி. மிச்சம் சொல். மறுபடி கலைத்து ஏழு ஏழாக. மிச்சம் சொல்.

பாட்டி கொஞ்ச நேரம் கணுவைத் தொடுவார். பிறகு மொத்தம் எத்தனை கொட்டை என்று சொல்லிவிடுவார். தப்பவே தப்பாது.

நான் ஒருநாள் மூன்றில் ஒன்று, ஐந்தில் இரண்டு, ஏழில் மூன்று மிச்சம் என்றேன். என்ன எண் சொல்லியிருப்பார்? கண்டுபிடித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 7

பீடோர் தம்பி, நீங்கள் காலையிலேயே விடையைப் போட்டுவிட்டீர்கள். சரியான விடைதான், கெட்டிக்காரர்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு: விடை தெரிந்தவன் விடையைச் சொல்லக்கூடாது, துப்பு மட்டும் கொடுக்கலாம், இல்லையென்றால் அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று கேட்கலாம். அப்பா இதில் கண்டிப்பு. விடையைக் கத்துகிறவர் அந்தச் சுற்றில் வெளியே.

பிப்ரவரி 11

சீனப் பெருநாள் விடுமுறை, வீட்டில்தான் இருக்கிறேன். சூத்திரம் கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சொல்கிறேன். இதைப் பாட்டி சொன்னபடியே தருகிறேன்: "மூணு மிச்சத்துக்கு எழுபது, அஞ்சு மிச்சத்துக்கு இருபத்தொண்ணு, ஏழு மிச்சத்துக்குப் பதினஞ்சு. கூட்டு. நூத்தஞ்சு நூத்தஞ்சாக் கழி."

என் மங்குக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எழுபது, எழுபது. இரண்டு இருபத்தொன்று, நாற்பத்திரண்டு. மூன்று பதினைந்து, நாற்பத்தைந்து. மொத்தம் 157. நூற்றைந்து கழித்தால் 52. மங்கில் ஐம்பத்திரண்டு கொட்டைதான் இருந்தது.

ஏன் சரியாக வருகிறது என்பதை நான் ஃபாரம் ஃபோர் (இடைநிலைப் பள்ளி) படிக்கும்போது பின்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். எழுபதை ஐந்தும் ஏழும் மீதியில்லாமல் வகுக்கும், மூன்று வகுத்தால் மட்டும் ஒன்று மிஞ்சும். இருபத்தொன்றை மூன்றும் ஏழும் வகுக்கும், ஐந்தில் ஒன்று மிஞ்சும். பதினைந்தை மூன்றும் ஐந்தும் வகுக்கும், ஏழில் ஒன்று மிஞ்சும். ஒவ்வொரு எண்ணும் தன் மிச்சத்தை மட்டும் சுமந்து வருகிறது, மற்ற இரண்டின் வேலையில் தலையிடுவதில்லை. மூன்றும் ஐந்தும் ஏழும் பெருக்கினால் நூற்றைந்து. அதை எத்தனை தடவை கழித்தாலும் மிச்சங்கள் மாறாது. மங்கில் நூற்றைந்துக்குக் குறைவாகக் கொட்டை இருக்கும்வரை விடை ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாட்டி கேட்டுவிட்டு, "அப்ப பதினொண்ணும் சேத்துக்கிட்டா என்ன எண்ணு வரும்?" என்றார். சட்டம் சட்டம்தான்.

பிப்ரவரி 18

அப்பாவின் ஆட்டம் லாரியில். பால் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகும் வழியில், பள்ளி விடுமுறை என்றால் என்னையும் தம்பியையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார். எதிரே வரும் காடியின் (வண்டியின்) நம்பரை அவர் காட்டுவார். நாலு இலக்கம் இருக்க வேண்டும், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கு. சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கு. கழி. வந்ததை மறுபடி அடுக்கு, கழி. அப்படியே போ.

3524 என்று வைத்துக்கொள்வோம். 5432இலிருந்து 2345 போனால் 3087. 8730இலிருந்து 0378 போனால் 8352. 8532இலிருந்து 2358 போனால் 6174. மேலே போய்ப் பாருங்கள், மறுபடி 6174தான் வரும். எந்த நம்பரில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இந்த 6174இல் வந்து விழுந்துவிடும். ஆட்டம் என்னவென்றால், எத்தனை கழித்தலில் விழும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'லாரி எறக்கம்'.

1949இல் இதைக் கண்டுபிடித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். அப்பாவுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைத் துண்டில் கிடைத்தது. அந்தத் துண்டை லாரியின் வெயில் மறைப்பானில் செருகி வைத்திருந்தார். எண்ணெய்க் கறையோடு இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

காடி நம்பர் என்றதும் யாராவது 1729ஐ எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். ராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டியின் டாக்சி நம்பர். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729, ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729. அப்பாவுக்கு அதைவிடப் பிடித்த செய்தி வேறு. ராமானுஜன் 1912இல் மதராஸ் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கிராணியாக இருந்தவர். "கிராணி மேசையில உக்காந்த ஆளுலா அவரு" என்று அப்பா சொல்லும்போது தோட்டத்துக் கிராணிகள் எல்லார் மேலும் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிடும், பாட்டி கதை தெரிந்தும்.

பிப்ரவரி 18, இரவு

லாட்டரியில் நாலு நம்பர் எடுக்கிறவர்கள் இந்த ஆட்டத்தை அதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்கிறார். முடியாது ஐயா. விபத்தில் நசுங்கிய காடியின் நம்பரை அடுத்த குலுக்கலுக்குள் பாதி ஊர் எழுதிக்கொடுக்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு. அப்பா அதற்கும் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவார். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண். ஒரு குலுக்கலில் பரிசு விழுவது முதல் மூன்று, சிறப்புப் பத்து, ஆறுதல் பத்து, ஆக இருபத்து மூன்று எண்ணுக்கு. "பத்தாயிரத்துல இருபத்து மூணு. மங்குல போட்டா எத்தனை கொட்டைக்கு ஒண்ணு?" நீங்களே வகுத்துப் பாருங்கள். அப்பா கடைசிவரை ஒரு நம்பர் எடுத்ததில்லை.

பிப்ரவரி 19

மகள் நேற்று இரவு முழுக்க ஆண்டுகளை நம்பராக வைத்து 'லாரி எறக்கம்' போட்டுக்கொண்டிருந்தாள். 1948, எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்த ஆண்டு: இரண்டே கழித்தலில் இறங்குகிறது. சுதந்திரம் வந்த 1957க்கு ஆறு. 1960, எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய ஆண்டு, முழு ஏழு. 1729ஐயும் போட்டுப் பார்த்தாள். அதுவும் ஏழு! ஆனமட்டும் தூரம் சுற்றிவிட்டுத்தான் வருகிறது. அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

சங்கம் என்றதும் பாட்டியும் நினைவுக்கு வருகிறார். மாதம் பத்து வெள்ளி கட்டியவர்களில் பாட்டியும் ஒருவர். நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. பத்து வெள்ளி கட்டிவிட்டு வந்த அன்றைக்கெல்லாம் அப்பாவிடம் கேள்வி: "இன்னும் எத்தனை தடவை பெரட்டுக்குப் போனா ஒரு பங்கு?" பெரட்டு என்றால் வேலைக்குமுன் காலையில் பெயர் கூப்பிடுவது. ஒருநாள் கூலி தெரிந்தால்தான் அதற்கு விடை வரும். அப்பாவுக்குத் தன் அம்மாவின் ஒருநாள் கூலி எவ்வளவு என்று அப்படித்தான் தெரிந்தது.

மார்ச் 2

இரண்டாம் யோசனை ஒன்று. இதுவரை எழுதியதைப் படித்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் எந்நேரமும் கணக்கு போட்டுக் களித்திருந்தோம் என்று தோன்றும். தம்பிக்கு அப்படி இல்லை.

தம்பிக்கு லாரி முன்சீட்டே பிடிக்காமல் போன காலம் உண்டு. நான் சட்டென்று சொல்லிவிடுவேன், அவனுக்கு நேரமாகும். கழித்தலில் கடன் வாங்குகிற இடத்தில் நின்றுவிடுவான். அதற்குள் அடுத்த காடி வந்துவிடும். ஒருநாள் வழியிலேயே இறங்குகிறேன் என்று அழுதான். குவாலா கங்சாரில் அந்தப் பழைய ரப்பர் மரத்தருகே அப்பா லாரியை ஓரங்கட்டினார். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகளில் ஒன்பது குவாலா கங்சாருக்கு வந்தன, அவற்றில் மிஞ்சிய மரம் அது. அப்பா அந்தக் கணக்கையும் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. தம்பியிடம், "இனிமே நீ கேளு. நானும் அக்காவும் சொல்றோம்" என்றார்.

கேட்பதற்கு விடை முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தம்பி வீட்டில் தாளில் போட்டுப் பார்த்து வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தான், அவசரமில்லாமல், யாரும் பார்க்காமல். நாங்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுவோம் என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவன் அங்கேயெல்லாம் விழுந்து எழுந்தவன். நாலு இலக்கத்தில் பூச்சியம் வரும் நம்பராகப் பொறுக்கிக் கேட்பான். நான் பூச்சியத்தை முன்னால் வைக்க மறந்து மாட்டிக்கொள்வேன்.

வேகத்துக்குப் பரிசு கொடுக்கும் வகுப்புகளின்மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். மெதுவான பிள்ளைக்கும் ஆட்டத்தில் ஓர் இடம் வேண்டும். அபாகஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை, என் அக்கா மகன் அதில் நன்றாகவே வந்தான். ஆனால் மெதுவான பிள்ளையைக் கேள்வி கேட்கிறவனாக ஆக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மார்ச் 10

அத்தைக்குத் தொலைபேசினேன். பாட்டிக்கு எழுபது, இருபத்தொன்று, பதினைந்து எங்கே கிடைத்தது என்று இந்த இழையில் பலர் கேட்டிருந்தீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றுதான் நான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

அத்தை சிரித்தார். "அது தவுக்கே சொல்லிக் குடுத்ததுலா!" தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தாத்தா. நம்மவர்களைவிட நல்ல தமிழ் பேசுவார் என்பார்கள். பாட்டி மாதக் கடன் தீர்க்கப் போகும்போது அவர் மணிச்சட்டத்தில் கூட்டி முடிப்பதற்குள் பாட்டி வாயாலேயே தொகையைச் சொல்லிவிடுவாராம். அதில் இருவருக்கும் ஒரு மரியாதை. அவர்தான் புளியங்கொட்டையை வைத்து இதைக் காட்டினாராம். சீனத்தில் ஒரு பாட்டுப் பாடி, பிறகு தமிழில் சொன்னாராம். "ஏழு புள்ளைங்க ஒண்ணாக் கூடுனா அரை மாசம்" என்று ஒரு வரி வரும் என்றார் அத்தை. அரை மாசம், பதினைந்து!

தேடிப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. 1592இல் வெளிவந்த சீனக் கணக்கு நூல் ஒன்றில் நாலு வரிப் பாட்டு: மூன்று பேர், எழுபது. ஐந்து பூமரம், இருபத்தொரு கிளை. ஏழு பிள்ளை, அரை மாதம். நூற்றைந்தைக் கழி. கணக்கு அதைவிடப் பழையது, சீனாவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் வழங்குகிறது. நம் பக்கத்தில் 476இல் பிறந்த ஆரியபட்டர் இந்த வகைக் கணக்குக்கே பொதுவழி ஒன்று சொல்லியிருக்கிறார், குட்டகம் என்பார்கள்.

சீனத்துப் பாட்டு, பிரேசில் மரத்தின் கொட்டை, தமிழ்க் கிழவியின் விரல் கணு. இந்தத் தோட்டத்து வாசலைவிட்டால் வேறெங்கே இவை கூடியிருக்கும்? இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பாட்டி அதைத் தன்னுடையது என்று ஒருபோதும் சொல்லவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

மார்ச் 11

கிள்ளான் அக்கா, குருவிக் கணக்கு எங்கள் வீட்டிலும் உண்டு. மரத்தில் ஒரு குருவி தனியாக உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு கூட்டம் பறக்கிறது. "நூறு பேரும் எங்கே போறீங்க?" என்று இது கேட்கிறது. "நாங்க நூறு இல்லை. நாங்களும், எங்க அளவு இன்னொரு கூட்டமும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேத்தாத்தான் நூறு" என்கின்றன. பறப்பது எத்தனை?

நீங்கள் எக்ஸ் போட்டுச் செய்திருக்கிறீர்கள், நல்லது. பாட்டி வழி வேறு. "நாலு குருவின்னு வச்சுக்க" என்பார். பாதியும் பாதியில் பாதியும் முழுசாக வர நாலுதான் வசதி. நாலு, இன்னொரு நாலு, இரண்டு, ஒன்று, பதினொன்று. நூற்றில் மரத்துக் குருவியைக் கழித்தால் தொண்ணூற்றொன்பது. அதற்குள் எத்தனை பதினொன்று? இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஏப்ரல் 14

சித்திரை வருடப் பிறப்பு, எல்லாரும் வீட்டில். தம்பி ஜொகூரிலிருந்து வந்திருக்கிறான், இந்த இழை முழுவதையும் கைப்பேசியில் படித்துவிட்டு, மார்ச் 2 குறிப்பில் ஒன்று சேர்க்கச் சொல்கிறான்: லாரியில் அழுததற்கு மறுநாள் அப்பா அவனுக்குத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாராம். முதல் பக்கத்தில் அப்பா கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வி. அது என்ன என்று மட்டும் இன்றைக்கும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

மகள் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். இது முழுக்க அவளுடையது. 2008 ஏப்ரலிலிருந்து நம் கடைகளில் ரொக்கம் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறார்கள் இல்லையா? கடைசி இலக்கம் ஒன்று, இரண்டு என்றால் பூச்சியத்துக்கு இறங்கும், மூன்று, நான்கு என்றால் ஐந்துக்கு ஏறும், ஆறு, ஏழு ஐந்துக்கு இறங்கும், எட்டு, ஒன்பது பத்துக்கு ஏறும். மகளின் கேள்வி: விலை எல்லாம் தொண்ணூற்றொன்பது காசில் முடிகிற கடையில் எத்தனை சாமான் வாங்கினால் நமக்கு லாபம்?

ஒன்று வாங்கினால் ஒரு காசு கடைக்கு. இரண்டு வாங்கினால் தொண்ணூற்றெட்டில் முடியும், இரண்டு காசு கடைக்கு. மூன்று வாங்கினால் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்துக்கு இறங்கும், இரண்டு காசு நமக்கு. நான்குக்கு ஒரு காசு நமக்கு. ஐந்துக்கு யாருக்கும் இல்லை. ஆறிலிருந்து என்ன ஆகும் என்று கடையில் அவள் மாமாவைக் கேட்டாள். தம்பி காசு கொடுக்கும் இடம் வரை யோசித்துக்கொண்டே வந்தான், அவசரப்படாமல். பிறகு, "கார்டில் கட்டினா என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டான். கார்டுக்கு முழுமையாக்குவது கிடையாது. அவள் அதை யோசித்திருக்கவில்லை.

மே 5

அபாகஸ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். மார்ச் 2 குறிப்பைப் படித்துவிட்டுத் தன் வகுப்பில் மெதுவான பிள்ளைகளைக் கேள்வி தயாரிக்க வைத்துப் பார்த்தாராம், இரண்டு பிள்ளைகள் முகம் மாறியது என்கிறார். நன்றி டீச்சர். அங்கே யாருக்கும் நேரமில்லை என்று நான் எழுதியது உங்களுக்குப் பொருந்தாது.

இழையைத் தொடங்கிய அண்ணன் தன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். செம்பனைக் குலை எண்ணும்போது அவருடைய அம்மா ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு ஓலைக் குச்சியை இடுப்பில் செருகிக்கொள்வாராம். "இதைப் போய் ஏன் கேக்கிற?" என்றாராம் அம்மா. அண்ணே, குச்சி இருபதுக்கா பத்துக்கா, குலை கணக்கு யார் புத்தகத்தில் ஏறியது, அதையும் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். இன்னும் நிறைய இருக்கும்.

கடைசியாக மகள் செய்த வேலை. பாட்டி என்னிடம் கேட்ட அந்தப் பதினொன்றை நான் அப்போது முடிக்கவில்லை, பரீட்சை வந்துவிட்டது. மகள் முடித்துவிட்டாள். மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று நாலு தடவை பிரித்தால், மூன்றின் மிச்சத்துக்கு 385, ஐந்துக்கு 231, ஏழுக்கு 330, பதினொன்றுக்கு 210. கூட்டி 1155, 1155ஆகக் கழிக்க வேண்டும். ஒரு மங்குக்குப் பதில் ஒரு வாளியே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தோட்டம் செம்பனையாகிப் போனதால் ரப்பர் கொட்டைக்கு எங்கே போவது, கொண்டைக்கடலை வைத்து ஆடினோம். அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், நான் பிரித்தேன்.

மூன்றில் மிச்சம் இரண்டு. ஐந்தில் இரண்டு. ஏழில் இரண்டு. பதினொன்றில் ஒன்பது.

அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். பீடோர் தம்பி, துப்பு மட்டும்.